பயிரை வளர்த்த வேலி

வேலியே பயிரை மேய்ந்த கதை நமக்கெல்லாம் தெரியும். வேலி பயிரை வளர்த்த கதையை அறிந்தவர்கள் குறைவு. அறிந்தவர்களும் அதனை மறந்து வருகின்றனர்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் வடபுலத்துக் குடும்பங்களிலே இன்று அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. ஊரிலே காணி சும்மா கிடக்கிறது. போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. இலண்டனில் இருக்கும் தம்பியும் கனடாவில் இருக்கும் அக்காவும் பங்கு தருவதாகச் சொல்கிறார்கள். ஒரு நல்ல வீட்டைக் கட்டிவிடலாமே என்பதுதான் அப்பேச்சு. சில மாதங்களில் வரைபடம் வந்து சேர்கிறது. தட்டையான கொங்கிறீற்றுக் கூரை, தெருவைப் பார்த்த பெருங் கண்ணாடிச் சன்னல்கள், முற்றம் முழுவதும் சீமெந்துத் தளம், வளவைச் சுற்றி ஆளுயர மதில் ஆகிய யாவும் அதில் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: அந்த வீடு எந்த ஊரில் நிற்கப் போகிறது என்பதற்கான அடையாளம். அதே வரைபடத்தைக் கொழும்பிலும் கட்டலாம், துபாயிலும் கட்டலாம்.

அந்தக் கடதாசியிலே கையொப்பம் இடுமுன், பழைய வீடு ஒன்றை நாம் ஒரு முறை சுற்றிப் பார்த்து வருவது நல்லது. பழையன எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. பழைய வீட்டில் பொன்னும் உண்டு, பித்தளையும் உண்டு. எது எதுவெனப் பார்த்தறிந்த பின்னர் விடுவதை விடலாம்.

நாற்சார் வீட்டை எடுத்துக்கொள்வோம். நடுவிலே வானம் பார்த்த முற்றம். அதனைச் சூழ நான்கு புறமும் தாழ்வாரம். தாழ்வாரத்துக்கு அப்பால் அறைகள். முற்றத்தை நோக்கிச் சரிந்து வரும் கூரையின் இறப்பு, உயரமான மனிதர் குனிந்தே செல்லும்படி தாழ்ந்திருக்கும். விருந்தாளியைப் பணிய வைப்பதற்காக அவ்வாறு கட்டினார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உண்மையான காரணம் வெயிலே. பகலவன் உச்சியில் நிற்கும்போது முற்றத்துத் தரை காய்ந்து, அங்குள்ள காற்று சூடேறி மேலெழுந்து திறந்த வானத்தினூடே வெளியேறுகின்றது. அது விட்ட வெற்றிடத்தை நிரப்ப, நிழலான தாழ்வாரத்தினூடும் அறைகளினூடும் குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படுகின்றது. மின்விசிறி இன்றிச் சுழலும் காற்று இது. பௌதிகம் படிக்கும் மாணவ நேயர்கள் இதனை மேற்காவுகை என்று அறிவார்கள்; கட்டிய கொத்தனார் அந்தப் பெயரை அறிந்திருக்கமாட்டார்; பயனை நன்றாக அறிந்திருந்தார்.

சுவர் எதனால் ஆனது? யாழ்ப்பாணக் குடாநாடே ஒரு சுண்ணக்கற் பாறை. அந்தக் கல்லை உடைத்து அடுக்கி, அதே கல்லைச் சூளையில் நீற்றிய சுண்ணாம்பினால் பிணைத்தார்கள். கருப்பட்டி நீர் சேர்த்துச் சுண்ணாம்பைக் குழைப்பது தமிழ்க் கொத்து வேலையில் நெடுங்கால வழக்கம். சுண்ணாம்பை நீற்றச் சுமார் 900 பாகை செல்சியஸ் வெப்பம் போதும். சீமெந்துக்கு 1450 பாகை வரை வேண்டும். அன்றியும், நீற்றும்போது வெளியேறிய காபனீரொட்சைட்டிற் பெரும்பகுதியைச் சுண்ணாம்புச் சாந்து இறுகும்போது காற்றிலிருந்து மீண்டும் உள்வாங்கிக்கொள்கிறது. இன்று உலகம் வெளியிடும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சீமெந்துத் தொழிலிலிருந்து வருகின்றது என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வேடிக்கை என்னவெனில், 1950இல் காங்கேசன்துறையிலே சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தபோது அதற்கு உணவானதும் இதே சுண்ணக்கல்தான். 1990இல் அந்த ஆலை ஓய்ந்தது. தோண்டிய பள்ளங்கள் ஓயவில்லை, இன்றும் வாய் பிளந்து கிடக்கின்றன.

கூரையைத் தாங்கியது பனை. வைரம் ஏறிய முதிர்ந்த பனையைப் பிளந்து வளையும் கைமரமும் சிலாகையும் எடுத்தார்கள். கருமையும் பழுப்பும் கோடு கோடாக ஓடும் அந்த மரத்தைக் கறையான் எளிதில் நெருங்குவதில்லை. யாழ்ப்பாணத்துப் பனைமரம் ஒரு காலத்தில் கொழும்புக்கும் தமிழகக் கரைக்கும் கப்பலேறிய ஏற்றுமதிப் பொருள். போர்க்காலத்திலோ பனை பதுங்குகுழிக்குக் கூரையாயிற்று, காவலரணுக்குச் சுவராயிற்று, எறிகணைகளுக்கும் இரையாயிற்று. பல இலட்சம் பனைகள் அழிந்தன. ஒரு பனை வைரம் ஏற மனிதனின் முழு ஆயுள் வேண்டும். ஆகவே இன்று புது வீட்டுக்குப் பனை வெட்டுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அனுமதியின்றி வெட்டவும் முடியாது. ஆயினும் இடிக்கப்படும் பழைய வீடுகளிலிருந்து இறக்கப்படும் பனங்கைமரங்கள் விறகாகப் போவதைப் பார்க்கும்போது நெஞ்சு பொறுக்குதில்லை. நூறு ஆண்டு வெயிலும் மழையும் அசைக்காத மரம் அது. இன்னும் நூறு ஆண்டு நிற்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்வோம். இந்த வீடுகளில் எல்லாமே உள்ளூர்ப் பொருள் அல்ல. கூரையில் ஏறிய தட்டை ஓடுகளிற் பல மலையாளக் கரையிலிருந்து தோணியில் வந்தவை. வசதி படைத்தோர் பர்மாத் தேக்கில் கதவு போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா நாட்டுப் புகையிரதப் பகுதியில் உழைத்தவர்கள் அனுப்பிய பணத்தால் எழுந்த கல்வீடுகள் எத்தனையோ. வெளிநாட்டுப் பணத்தில் ஊரில் வீடு கட்டும் பழக்கம் நமக்குப் புதிதன்று. வேறுபாடு என்னவெனில், மலாயாப் பணத்தில் கட்டிய வீடு மலாயா வீடாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து வீடாகவே இருந்தது.

இனி வேலிக்கு வருவோம். சொல்ல வந்ததே அதைத்தான்.

பழைய வளவின் எல்லையில் கதியால் நாட்டினார்கள். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, பிற்காலத்தில் சீமைக்கிளுவை ஆகிய மரங்களின் தடிகளே கதியால்கள். மண்ணில் ஊன்றிய தடி துளிர்த்து உயிருள்ள தூணாகும். கதியாலுக்குக் கதியால் இடையே பனையோலையையோ பின்னிய கிடுகையோ வைத்து வரிச்சுப் பிடித்துக் கட்டினார்கள். அடைத்த ஓலை ஓரிரு ஆண்டில் உக்கத் தொடங்கும். அப்போது புதிய ஓலை வேலிக்கு வரும். பழைய ஓலை எங்கே போயிற்று? தோட்டத்துக்குப் போயிற்று. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பாத்தி பிடிக்குமுன், மண்ணைக் கிளறி அந்த ஓலையைத் தாழ்த்தினார்கள். கதியால்களை ஆண்டுதோறும் கவ்வாத்துப் பண்ணி வெட்டிய குழையும் அவ்வாறே மண்ணுக்குள் சென்றது. முள்முருக்கும் சீமைக்கிளுவையும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையோடு காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து இலையிற் சேர்ப்பவை. ஆகவே ஒவ்வொரு வளவின் வேலியும் காசு கேளாத ஒரு பசளைத் தொழிற்சாலையாக இருந்தது. அந்தக் குழையை மாடும் ஆடும் தின்றன. மாட்டின் சாணம் வீட்டுத் தரையை மெழுகியது. மிஞ்சியது எருக்குழிக்குச் சென்றது. அறுவடை முடிந்த நிலத்தில் இரவிலே ஆட்டுப்பட்டி அடைத்து எருவூட்டினார்கள். அடுப்புச் சாம்பல் பாத்திக்கு. கிணற்றடியில் குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கு. வீடு எங்கே முடிகிறது, கமம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது.

ஓலையும் குழையும் தந்த வேலியை அகற்றி மதில் எழுப்பும்போது, நாம் அழகையோ பழமையையோ மட்டும் இழக்கவில்லை. தோட்டத்தின் உணவில் ஒரு பங்கைப் பறிக்கிறோம். பறித்த பங்கைக் கடையில் வாங்கிய உப்பால் ஈடு செய்தோம். 1960களுக்குப் பின்னர் செயற்கைப் பசளை மலிவாகக் கிடைத்தது, விளைச்சலும் பெருகியது, அதனால் வாழ்ந்த கமக்காரரைக் குறைகூற நாம் யார்? ஆனால் குடாநாட்டின் நிலம் வேறெந்த மாவட்டத்து நிலத்தைப் போன்றதுமன்று. அங்கே ஆறு இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கின்றது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்தப் படலத்திலிருந்தே. மேலே நாம் கொட்டுவது எதுவோ அது சில அடி மண்ணைக் கடந்து நேரே கிணற்றுக்குப் போய்ச் சேரும். பயிர் உண்டு மிஞ்சிய நைதரசனும் நெருக்கமாக வெட்டிய மலகூடக் குழிகளின் கசிவும் சேர்ந்து, வலிகாமம் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது என ஆய்வுகள் பல காட்டியுள்ளன. அத்தகைய நீரில் பாற்பொடி கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கும். வளவு முழுவதும் சீமெந்துத் தளம் போடுவோருக்கும் இதிலே பங்குண்டு. அவர்கள் வளவில் விழும் மழை நிலத்துக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடுகின்றது. கிணற்றின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் தொண்டையை அடைப்பது போன்றது இது.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசு ஒரே அறிவிப்பில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது நாடு முழுவதும் பட்ட பாட்டை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதே ஆண்டின் நவம்பரில் தடை கைவிடப்பட்டது. முன்னேற்பாடின்றிச் செய்த அந்தக் காரியத்தை நாம் ஆதரிக்கவில்லை. ஆயினும், ‘இயற்கைப் பசளை இடுங்கள்’ என்று சொன்னபோது, ‘குழைக்கு எங்கே போவது?’ என்று கமக்காரர் கேட்டதும் நியாயமே. வேலி இருந்த இடத்தில் மதில் நிற்கிறது, மதில் துளிர்ப்பதில்லை.

பழைய முறையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நாற்சார் வீடு எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. பனையில் ஏறி ஓலை வெட்டியவரும், சுண்ணாம்புக் கல் சுமந்தவரும் அந்த வீட்டின் திண்ணையில் அமர முடியாத காலம் ஒன்று இருந்தது. அவர்கள் பிறர் காணியில் ஓலைக் குடிசையில் வாழ்ந்தார்கள். ஒரு தீப்பொறியில் சாம்பலாகிவிடும் கூரை அது. வாரந்தோறும் சாணி கரைத்து நிலம் மெழுகியவர்கள் பெண்களே. அதைப் பற்றிப் பாட்டெழுதிய ஆண்களில் எத்தனைபேர் மெழுகியிருப்பார்கள் என்று தெரியவில்லை. இத்தகையோருக்குச் சீமெந்து நிலமும் கல்லுச் சுவரும் விடுதலையாகவே வந்தன. ஆகவே, ‘ஏழைகள் மண்வீட்டில் இருக்கட்டும், அது குளிர்ச்சியானது’ என்று நகரத்திலிருந்து போதிப்பது அழகன்று. நாம் கேட்பது வேறு: கட்ட வசதி உள்ளவர்கள், எதைக் கொண்டு எப்படிக் கட்டுகிறார்கள் என்பதே.

‘கிராமத்தில் இடமிருந்தது, ஆளிருந்தது, நகரத்துச் சின்னக் காணியில் முற்றமும் தாழ்வாரமும் நடக்கிற காரியமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு விடை சொல்ல நாம் கொழும்பை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. கொள்ளுப்பிட்டியில் எழுந்த ஒரு வீட்டின் வரலாறே போதும்.

1960ஆம் ஆண்டில் பற்றிக் கலைஞர் ஈனா டி சில்வா தமக்கொரு வீடு வேண்டுமென்று ஜெப்ரி பாவாவிடம் சென்றார். பாவா முதலில் வழக்கறிஞர். முப்பத்தெட்டு வயதில், 1957இல், கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றவர். பிற்காலத்தில் கோட்டேயில் 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றத்தை வடிவமைத்தவரும் அவரே. ஈனா அம்மையார் மலைநாட்டு வளவுக் குடும்பத்தில் பிறந்தவர். பெரிய வீட்டின் திறந்த முற்றங்களிலே வளர்ந்தவர். கிடைத்த காணியோ நகரத்துச் சிறு துண்டு. அக்காலத்துக் கொழும்பு வழக்கப்படி என்றால், காணியின் நடுவே வீட்டை வைத்து, சுற்றிவர ஒன்றுக்கும் உதவாத ஒடுங்கிய தோட்டம் விட்டு, தெருப் பார்வைக்குச் சன்னல் வைத்திருப்பார்கள். பாவா அதனைத் தலைகீழாக மாற்றினார். காணியின் எல்லையிலேயே சுவரை எழுப்பினார். வெளியே விட வேண்டிய இடம் முழுவதையும் உள்ளே கொண்டுவந்து நடுமுற்றமாக்கினார். அதில் மரம் நின்றது. சுற்றிலும் தாழ்வாரம் ஓடியது. அறைகள் யாவும் முற்றத்தையே பார்த்தன. தெருவிலிருந்து பார்த்தால் சுவரும் ஓட்டுக் கூரையும் மாத்திரமே.

அக்காலத்தில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டினால் வெளிநாட்டுக் கட்டடப் பொருள்கள் கிடைப்பது அரிதாயிருந்தது. ஆகவே அந்த வீட்டில் கண்ணாடி நாடப்படவில்லை. கருங்கல் பாவிய முற்றம், முதிரை மரத் தூண்கள், வெண்சுதைச் சுவர், அரைவட்ட நாட்டு ஓடு ஆகிய எல்லாம் இத்தீவிலே விளைந்தவை, இத்தீவின் கைவினைஞர் அறிந்தவை. 1962இல் வீடு முடிந்தது. இல்லாமை தந்த பாடம் என்று இதனைச் சொல்லலாம். 2022இல் டொலர் இன்றி நாடு தவித்து, சீமெந்து மூடையின் விலை ஓராண்டுக்குள் இரு மடங்குக்கும் மேலாக ஏறியபோது, அதே பாடம் மறுபடியும் நம் வாசலுக்கு வந்தது. அப்போது படித்தவர்கள் எத்தனைபேர் என்பதுதான் கேள்வி.

பாவாவுக்கும் முன்னரே இந்த வழியில் நடந்தவர் ஒரு பெண்மணி என்பதை நம் மாணவிகள் அறிந்து வைத்திருக்க வேண்டும். மினெற் டி சில்வா 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினராகத் தெரிவானார். ஆசியப் பெண்களுள் அவரே முதல்வர். கண்டியில் அவர் கட்டிய கருணாரத்தின இல்லத்திலே, உள்ளூர் நெசவாளரின் தும்பறைப் பாய்களும் உள்ளூர்க் கைவினைஞரின் மண் ஓடுகளும் இடம்பெற்றன. கைவினைஞரை விருந்தினராக அன்றிப் பங்காளராக நடத்தியவர் அவர்.

முற்றம் சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுச் சொத்து. அங்கே ‘மெத மிதுல’ என்பது இங்கே முற்றம். கொட்டாஞ்சேனையின் பழைய தெருக்களில், சுவரோடு சுவர் ஒட்டிய ஒடுங்கிய முகப்பு வீடுகளுக்குள்ளே நுழைந்தவர்கள் அறிவார்கள்: வாசலைக் கடந்து இரண்டு அறை போனதும், வானம் தெரியும் ஒரு சின்னச் சதுரம் வரும். காற்றும் வெளிச்சமும் அங்கிருந்தே வீட்டுக்கு. இன்று அந்தச் சதுரத்தைத் தகரத்தால் மூடி, இன்னோர் அறையாக்கி, பகலிலும் மின்விளக்கு எரிக்கிறார்கள். அதே கொட்டாஞ்சேனையில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லாற் புதுக்கிக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோவிலுக்கு நண்பகலில் சென்று பாருங்கள். வெளியே தார் வீதி கொதிக்கும்போது, உள்ளே கற்றளம் பாதத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கும். கனத்த கல் காலை வெயிலின் வெப்பத்தை மெல்ல மெல்ல வாங்கி, மாலையிலேதான் திருப்பித் தருகின்றது. சுவாமியின் அருள் ஒருபுறம் இருக்க, கல்லின் குணமும் அதுவே.

உள்ளூர் அறிவைக் கேளாமல் வீடு கட்டினால் என்னாகும் என்பதற்கு அண்மைக் கால எடுத்துக்காட்டும் உண்டு. போரினால் வீடிழந்தோருக்காக இந்திய அரசின் உதவியுடன் வடக்கிலும் கிழக்கிலும் கட்டப்பட்ட வீடுகளிற் பெரும்பாலானவற்றை, ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா வீதம் பணம் பெற்று, உரியவர்களே கட்டிக்கொண்டார்கள். குறைபாடுகள் இருந்தன, கடன்பட்டவர்களும் உண்டு. ஆயினும் ஊர்க் கொத்தனாருக்கும் தச்சனுக்கும் வேலை கிடைத்தது. அடுக்களையை எப்பக்கம் வைப்பது என்று வீட்டுக்காரியே தீர்மானித்தாள். அதன்பின் 2016இல், 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தித் தருவதென்று ஒரு பெருந்திட்டம் அரசினால் முன்வைக்கப்பட்டது. ஒரு வீட்டுக்குத் தொடக்கத்தில் குறித்த செலவு 20 இலட்சம் ரூபாவுக்கும் மேல். மாதிரி வீடுகளைப் பார்த்த பொறியியலாளரும் மக்களும் கேட்ட கேள்விகள் எளியவை. இந்த வெயிலில் உருக்குச் சுவருக்குள் எப்படி இருப்பது? உப்புக் காற்றில் துரு ஏறாதா? விறகடுப்பு மூட்டும் குடும்பத்துக்கு அடுக்களை எங்கே? பின்னாளில் ஒரு பிள்ளை மணமுடித்தால் ஓர் அறையைச் சேர்த்துக் கட்ட முடியுமா? எதிர்ப்பு வலுத்தது, அத்திட்டம் எண்ணியபடி நிறைவேறவில்லை. அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றையும் பட்டம் பெறாத ஒரு பாட்டியும் கேட்டிருப்பார்.

இனி, வரைபடத்தோடு காத்திருக்கும் குடும்பத்துக்கு நாம் சொல்லக்கூடியது என்ன? கட்டடத்தின் நீளப் பக்கம் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். மேற்குச் சுவரில் சன்னலைக் குறைத்து நிழல் மரம் வையுங்கள். சோளகக் காற்றுக்கு ஒரு வழியும் வாடைக்கு ஒரு வழியும் விடுங்கள். தட்டையான கொங்கிறீற்றுக் கூரை பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை, நீங்கள் படுக்கும் நேரத்தில்தான் கீழே இறக்கும். ஓட்டுக் கூரையே அந்நிலத்துக்கு நல்லது. முற்றம் பத்தடிக்குப் பத்தடி இருந்தாலும் முற்றமே. சுவருக்குச் செங்கல் பயன்படுத்துவோர், கேரளத்தில் லோறி பேக்கர் பரப்பிய முறையைத் தம் பொறியியலாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்த அப்பெரியார், கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்கி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டினார். கல்லில் காற்பங்கு மிச்சம். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். ‘உள்ளூர்ப் பொருள்’ என்ற பெயரில் கடற்கரையில் பவளக்கல் அகழ்வதோ, புதிய சுண்ணக்கற் குழி தோண்டுவதோ வேண்டாம். முன்னது சட்டத்துக்கும் விரோதம். இரண்டும் கிணற்றுக்கும் கரைக்கும் பகை. இடிந்த வீட்டின் கல்லும் மரமும் ஓடுமே இன்று நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த உள்ளூர்ப் பொருள்.

அடுக்குமாடியிலேயே இருக்கப் போகின்றவர்களுக்கு வழி குறைவு. பொய்யான நம்பிக்கை தர விரும்பவில்லை. ஆயினும் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் வாழ்வோருக்குக் கடற்காற்று இலவசமாக வருகின்றது. மேற்குப் புற மாடத்தில் ஓலைத் தட்டியோ மூங்கில் தட்டியோ தொங்கவிட்டு, எதிர்ப்புறக் கதவைத் திறந்து வைத்தால், மாலை நேரங்களில் குளிரூட்டியை நிறுத்தி வைக்கலாம்.

வேலியைப் பற்றிக் கடைசியாக ஒரு சொல். காவலுக்கு மதில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், தெருப் பக்கத்துக்கு மட்டும் மதில் கட்டி, மற்ற மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கதியால் நாட்டலாம். ஓலை அடைக்க ஆள் கிடைக்காவிட்டாலும் குழை கிடைக்கும். அடுத்த வளவில் தோட்டம் செய்பவர் வெட்டிக்கொண்டு போவார். நாலு மிளகாயும் தருவார். சீமைக்கிளுவைத் தடி பெருவிரலை விடப் பருத்ததாக, முற்றியதாக இருக்க வேண்டும். நுனிப்பக்கம் மேலே வரும்படி, ஐப்பசி மழை தொடங்கும்போது ஊன்றினால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. முதலாம் ஆண்டு வெட்டாமல் விட வேண்டும்.

ஈனா டி சில்வாவின் வீடு பின்னர் கைமாறியது. 2009இல் அந்த நிலம் அருகிலிருந்த வைத்தியசாலை ஒன்றுக்கு விற்கப்பட்டபோது, வீட்டை இடித்துத் தள்ளாமல், கல்லுக்கும் தூணுக்கும் கதவுக்கும் இலக்கமிட்டுக் கழற்றினார்கள். பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் அது மீண்டும் பொருத்தப்பட்டு, 2016இல் திறக்கப்பட்டது. விடுமுறையில் தெற்கே செல்லும் குடும்பங்கள் முன்கூட்டியே அறிவித்துச் சென்று பார்க்கலாம். பிள்ளைகளை முற்றத்தின் நடுவே நிறுத்திக் கூரையின் சரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊரில் அம்மம்மாவின் வீட்டைக் கண்ட பிள்ளையானால், அந்த இறப்பு எங்கே பார்த்த இறப்பு என்று தானே சொல்லிவிடும்.